சிவப்புப் பை

அதிகாலை மூன்றரைக்கு ஸ்வொல்லேயை விட்டோம்.
மலை என்று சொல்லிக்கொள்ள எங்கள் ஊரில் இருப்பது
ரயில் பாதைக்கு மேலே ஏறி இறங்கும் பாலம் ஒன்றுதான்.
அதில் ஏறும்போதே பின்சீட்டிலிருந்து யோரிஸ் கேட்டான்,
"ஆல்ப்ஸ் வந்தாச்சா?"

ருட்ஹர் காரில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிற ரகம்.
பாதி ஜெர்மனியை நான்தான் ஓட்டினேன்.
கூரைப்பெட்டிக்குள் நான்கு ஜோடி சறுக்குக்கட்டைகள்
வளைவுக்கு வளைவு ஒருபக்கமாய்ச் சரிந்து
தாங்களும் வருவதைச் சொல்லிக்கொண்டே வந்தன.
வூர்ட்ஸ்புர்க்குக்கு முன்னால் லிஸ்கே வாந்தியெடுத்தாள்.
உல்ம் தாண்டி இன்னொரு முறை,
என் பனிச்சப்பாத்துக்குள்.

ருட்ஹர் விழித்து, துடைத்து, ஜன்னலை இறக்கி,
எதுவும் பேசாமல் வரைபடத்தைப் பார்த்தான்.
ஒரு வருடமாகவே இப்படித்தான்.
வீட்டில் இருவரும் ஒரே திசையைப் பார்த்து
இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.
கார் என்றால் வேறு வழியில்லை.

எல்லையில் மழை,
அடுத்த ஊரில் பனி,
அதற்கடுத்து சாலையே இல்லை.
முன்னால் போகும் லாரியின் இரண்டு சிவப்பு விளக்குகள்தான் சாலை.

கணவாய்க்குக் கீழே டார்ச்சோடு ஒரு போலீஸ்காரர்.
"சங்கிலி இருக்கா?"
"இருக்கே" என்றேன்.
நவம்பரிலேயே வாங்கியாயிற்று.
வீட்டு வாசலில், காய்ந்த தரையில்
ருட்ஹர் இரண்டு முறை மாட்டிப் பழகியிருந்தான்,
பதினோரு நிமிடம், நான் மணி பார்த்தேன்.

டிக்கியைத் திறந்து சிவப்புப் பையின் ஜிப்பை இழுத்தால்
வந்தது இறகுப்பந்து வலை.
இழுக்க இழுக்க வந்தது.

ஒரே அலமாரியில் இரண்டு சிவப்புப் பைகள்.
யார் எடுத்து வைத்தது என்ற கேள்வி
இருவர் வாய்வரைக்கும் வந்து
வெள்ளை மூச்சாகிக் கலைந்தது.

போலீஸ்காரர் வலையைக் கையில் வாங்கி
வெகுநேரம் யோசித்தார்.
"இதைச் சக்கரத்தில் கட்ட முடியாது" என்றார்.
சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்,
பிறகு ருட்ஹர்,
பிறகு நிறுத்த முடியவில்லை.

அந்த இரவு பெட்ரோல் பங்க் ஓரத்தில்.
எங்களுக்கு இடப்பக்கம் ஒரு டென்மார்க் வேன், கண்ணாடியெல்லாம் போர்வை.
வலப்பக்கம் போஸ்னானிலிருந்து வந்த யோலாந்தா.
அவளிடம் சங்கிலி இருந்தது, அவள் டயருக்கு இரண்டு அளவு சிறியது.
வெந்நீர் கொடுத்தாள். நூடுல்ஸுக்குள் ஊற்றிக்கொண்டோம்.
அவள் மகன்களுக்கும் எங்களுடையதுகளுக்கும்
பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது.
கால் மணி நேரத்தில்
எங்கள் கூரைப்பெட்டிக்கும் அவர்கள் கூரைப்பெட்டிக்கும் நடுவே
வலை கட்டியாயிற்று.
மட்டை இல்லை, கையுறைதான்.
பந்து இல்லை, பனியுருண்டை.
அடித்தால் உடையும். வலையில் பட்டாலும் உடையும்.
இரண்டு மொழியில் புள்ளிக்குச் சண்டை.

முன்சீட்டில் நாங்கள்.
கண்ணாடியில் பனி மூட மூட
அவன் வைப்பரை ஒருமுறை போடுவான்,
பிள்ளைகள் தெரிவார்கள்,
மறைவார்கள்.
என் நனைந்த காலை இழுத்துத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டான்.
நாற்றமடிக்கும் என்றேன்.
"அடிக்குது" என்றான்.

ஏழரைக்குக் கடை திறந்தது. எண்பத்தொன்பது யூரோ.
உண்மையான பனியில், விரல் விறைத்து,
இருபத்தாறு நிமிடம்.
மணி பார்த்தேன், சொல்லவில்லை.

நான்காவது கொண்டை ஊசி வளைவில்
லிஸ்கே அலறினாள்: "வலை!"
யோலாந்தாவின் கார் விடியும் முன்பே
வேறு வழியாகப் போய்விட்டிருந்தது,
எங்கள் பக்கத்து முடிச்சை அவிழ்த்து,
தன் பக்கத்தை மறந்து.

திரும்ப இடமில்லாத சாலை.
சங்கிலி தடதடக்க மேலே ஏறினோம்.
எங்கோ ஒரு மலையடிவாரத்தில் நீளமாய் ஒரு வலை
காருக்குப் பின்னால் பறந்துகொண்டு போகும்.