எந்த விரல்

ஆடி மாசம் மண்டபம் சும்மா கிடக்கும்.
கல்யாணம் இல்லை, வாடகை பாதி.
அதனால்தான் எங்கள் நாடகம் எப்போதும் ஆடியில்,
காற்று ஷட்டரைப் பிடித்து உலுக்குகிற நாட்களில்.

திருப்பூர், காங்கேயம் ரோடு.
மணமேடைதான் மேடை.
தெர்மாக்கோல் மயில்களைக் கறுப்புத் துணி போட்டு மூடினோம்.
ஒரு மேஜை, ஒரு டேபிள் ஃபேன், ஒரு கட்டுக் கடிதம்.
வாரப் பத்திரிகையில் ஊர்க் கஷ்டத்துக்கெல்லாம்
பதில் எழுதும் மாலதி அக்காவாக
துளசிமணி.
பகலில் அவள் செக்கிங் டேபிளில்
பனியனில் ஓட்டை தேடுகிறவள்.

கடிதங்கள் என் பொறுப்பு. லைட்டும்.
பதினொரு கடிதம், பதினொரு கையெழுத்து.
மாமியார் கொடுமைக்குப் பச்சை மை.
காதலுக்குக் கோடு போட்ட நோட்டுத் தாள்.
கடன்காரனுக்கு இடது கையால் எழுதினேன்,
என் வலது கையைவிட அது நிஜமாக இருந்தது.
"அசலாட்டவே இருக்குதப்பா" என்றார்
டைரக்டர் குப்புராஜ்.

பன்னிரண்டாவதை எழுதியது
மூன்றாம் ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி,
காம்பாக்டிங் மிஷின் சத்தத்தில்.
கையெழுத்தை மாற்றவில்லை.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் செருகினேன்.

மேடையில் அவள் பிரித்தாள்.

"அக்காவுக்கு வணக்கமுங்க.
என்ற ஷிஃப்ட்ல சென்னியப்பன்னு ஒருத்தன்.
ரோலர்ல மாட்டி விரல் போயிருச்சுங்க.
தகட்டைக் கழட்டி வைக்கச் சொன்னதே மேனேஜர்தானுங்க.
வெசாரணைல நான் அதைச் சொல்லலைங்க.
தூங்கிட்டானுங்கன்னு சொன்னேன்.
அவனுக்கு ஒரு பைசா வரலைங்க.
என்னைய சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க.
நான் என்னங்க பண்றது?"

அவளுக்கு வசனம் இல்லை.
ஓரத்தில் பிராம்ப்ட் பண்ணுகிற பையன்
பக்கங்களைப் புரட்டுவது எனக்குக் கேட்டது.
எதையாவது எடுத்துப் போட்டிருக்கலாம்.
மாலதி அக்காவிடம் இல்லாத பதிலா?
'மனசாட்சியைக் கேளுங்கள் தம்பி' என்று முடித்தால்
ஜனம் கை தட்டும், நான் லைட்டை இறக்குவேன்.

துளசிமணி காகிதத்தை மடிக்கவில்லை.
துணியில் கண்ணி விட்ட இடத்தைத் தடவுவாளே,
அப்படி ஒரு வரியைத் தடவினாள்.
நிமிர்ந்து, இருட்டைப் பார்த்துக் கேட்டாள்:

"எந்த விரலுங்க?"

அவ்வளவுதான்.
முன்வரிசையில் ஒருவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.
எங்கோ முறுக்குப் பொட்டலம் சரசரத்து நின்றது.

எனக்குத் தெரியவில்லை.
எட்டு மாசம்.
அவன் காலரைப் பார்த்திருக்கிறேன், செருப்பை,
டிபன் பாக்ஸில் முட்டி நசுங்கிய மூடியை.
கையைப் பார்த்ததில்லை.
ஸ்விட்சின் மேல் என் விரல்கள் ஐந்தும் இருந்தன.
லைட்டை இறக்க மறந்துபோனேன்.
அந்த வெளிச்சத்தில் அவள்
எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ.

"எவன்டா செருகுனது?
ரெண்டு நிமிசம் நாடகம் செத்துப்போச்சு!"
குப்புராஜ் கத்திக்கொண்டிருந்தார்.
மணமகள் அறையில் பவுடரைத் துடைத்தபடி
துளசிமணி கடிதத்தை நீட்டினாள்.
யார் எழுத்து என்று கேட்கவில்லை.
"தெரிஞ்சா சொல்லுங்ணா" என்றாள்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம்
பைக் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிறான்.
அதனாலேயே நான் வண்டியை
இரண்டு தெரு தள்ளி நிறுத்துகிறவன்.

திங்கட்கிழமை அங்கேயே போனேன்.
கட்டை விரலும் நடுவிரலும் சேர்த்துப் பிடித்து
ஒரு சொடுக்கு. டோக்கன் நேராகக் கிழிந்தது.
வலது கை. ஆள்காட்டி விரல்.
அடியிலிருந்தே இல்லை.

"ஏனுங்ணா, நாடகமெல்லாம் நடக்குதுங்களா?"

வாயைத் திறந்தேன்.
பின்னால் ஹாரன்.
"சித்தெ வண்டிய ஓரமா உடுங்ணா" என்றான்.

ஓரமாக விட்டேன்.
ஸ்டாண்டு போட்டேன்.
திரும்பி நடந்து வந்து
அவன் முன்னால் நின்றேன்.