திருப்பித் தரக் காரணம்

ஜூலையில் பத்து மணிக்குத்தான் விடிகிறது.
அதற்குள் நாற்பத்தொரு கூண்டும் கழுவியாகிவிடும்.
உள்ளே மிரேயா ஊசிகளை எண்ணுவாள்.
முன்மேசையில் நான்
ஹீட்டருக்குக் கால் காட்டியபடி
படிவங்களை அடுக்குவேன்.

வெள்ளை, அழைத்துப் போகிறவர்களுக்கு.
மஞ்சள், திரும்பக் கொண்டுவருகிறவர்களுக்கு.
மஞ்சளில் ஒரு கேள்விதான் கேள்வி:
திருப்பித் தரக் காரணம்.
இரண்டு வரி இடம் விட்டிருக்கிறோம்.
இரண்டே அதிகம்.

முடி கொட்டுகிறது.
படத்தில் சின்னதாகத் தெரிந்தது.
கணவர் திரும்பி வந்துவிட்டார்.
என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கும்
கணக்குப்பிள்ளை என்று நாங்கள் கூப்பிடும் பூனை.
ஒற்றைக் கண். ஆறு வருடமாக
யாரும் கேட்டதில்லை அதை.
அதுவும் யாரையும் கேட்டதில்லை.

துவெர்காவின் கோப்பில் மூன்று மஞ்சள்.
மூன்று வீடு, மூன்று கையெழுத்து,
சொல்லிவைத்தாற்போல் ஒரே காரணம்:
காற்றைப் பார்த்துக் குரைக்கிறது.

இந்த ஊரில்!
புந்தா அரேனாஸில் காற்று விருந்தாளி இல்லை,
வீட்டுக்காரன்.
அவனுக்குக் கிறுக்குப் பிடிக்கும் நாளில்
தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
மனிதர்கள் பிடித்து நடக்க.
மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத்
தலைவாரிக்கொண்டு நிற்கும்.
அதைப் பார்த்துக் குரைக்காதே என்று
ஒரு நாயிடம் யார் போய்ச் சொல்வது?
வாயை மூடிக்கொண்டு
நாங்களும் அதைத்தானே செய்கிறோம்.

நிபால்தோ ஒயார்சோ வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
கப்பல் பட்டறையில் முப்பது வருடம்
துரு தட்டியவர்.
கோட்டுப் பையிலிருந்து குறிப்பேடு எடுத்து நீட்டினார்:
காது கேட்காது. எழுதிக் காட்டுங்கள்.

கூண்டு கூண்டாக நடந்து
துவெர்காவிடம் நின்றார்.
உள்ளதை மறைக்காமல் எழுதினேன்:
இரவெல்லாம் குரைப்பான்.
மனசு கேட்காமல் கீழே சேர்த்தேன்:
பகலிலும்.
அவர் எழுதினார்:
பக்கத்தில் வீடு இல்லை. படகுக் கொட்டகை மட்டும்.

அப்போது தகரக்கூரையில் ஓர் அறை விழுந்தது.
நாய் தொடங்கியது.
அவர் ஈரத்தரையில் மண்டியிட்டு
அதன் தொண்டையில் உள்ளங்கையை வைத்தார்.
ஸ்டெதஸ்கோப் வைக்கும்போது
மிரேயாவுக்கு ஒரு முகம் வருமே,
அந்த முகம்.
பிறகு ஒரு விரலை மேலே காட்டி
என்னைப் பார்த்தார்:
காற்றா?
தலையாட்டினேன்.

வெள்ளைப் படிவம்.
வீட்டில் எத்தனை பேர்: 1.
எதற்காக இந்த நாய்: காலி.
காலியாக விடக்கூடாது என்பது விதி.
அவர் போன பிறகு நானே நிரப்பினேன்:
காற்று வந்தால் சொல்வான்.
கள்ளக் கையெழுத்து என்றாள் மிரேயா.
ஆனால் முத்திரை குத்தினாள்.

மூன்று வாரம் கழித்துக்
கதவு காற்றோடு திறந்தது.
அவர். கயிற்று முனையில் துவெர்கா.
என் கை தானாகப் போனது,
பூனையைத் தள்ளிவிட்டு
ஒரு மஞ்சளை உருவ.

அவர் குறிப்பேட்டை விரித்தார்:
இவன் குரைப்பு எப்படி இருக்கும்?

சத்தமாக, என்று எழுதினேன். அடித்தேன்.
கோபமாக. அடித்தேன்,
கோபம் கிடையாது அதில்.
பீப்பாய் உருளுகிற மாதிரி என்று
உள்ளேயிருந்து கத்தினாள் மிரேயா.
இல்லை. அதுவும் இல்லை.
பென்சில் நுனியைக் கடித்தபடி
காத்திருந்தேன், காற்றுக்காக.
எத்தனை வருடத்தில் முதல்முறை.
வந்தது.
நாயும் சொன்னது.
எழுதினேன்:

துருப்பிடித்த இரும்புக் கேட்டை
யாரோ அவசரமாகத் திறக்கிற மாதிரி.
கடைசியில் கொஞ்சம் கீச்சென்று.

படித்தார். மறுபடி படித்தார்.
துரு அவருக்குத் தெரியும்.
சிரித்தார்,
எவ்வளவு உரக்கச் சிரிக்கிறோம் என்று
தெரியாதவரின் சிரிப்பு.
பின்னால் நாற்பது கூண்டும் பதில் சொன்னது.

அந்தத் தாளை மட்டும் கிழித்து
நான்காய் மடித்துச்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள்.
இரண்டு பேரும்தான்.

மஞ்சள் படிவத்தை
அடுக்கில் திரும்ப வைக்கப் போனேன்.
அதற்குள் இடத்தைப் பிடித்துவிட்டிருந்தது
கணக்குப்பிள்ளை.