பதினோரு நொடி

குட்டாயிசியிலிருந்து பாரிக்கு
விடிகாலை ஐந்து நாற்பதுக்கு விமானம்.
மணப்பெண்ணின் சித்தி அதில் போகிறாள்.
அவள் கைப்பையில், பாலாடைக் கட்டிக்கும் வால்நட் பொட்டலத்துக்கும் நடுவே
ஒரு பென் டிரைவ் போயாக வேண்டும்.

பெண்ணின் அம்மா லம்ஸீரா
இத்தாலியில் யாரோ ஒருவரின் படுக்கையைத்
தட்டி விரிப்பவள்.
காகிதம் சரியில்லை.
ஊருக்கு வந்துவிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.
மகள் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை.
அவளிடம் இருப்பது ஒரு பழைய டேப்லெட்.
என் கேமரா பேசும் மொழி அதற்குப் புரியாது.
ஆறு மணி நேரக் கல்யாணத்தை
அதற்குப் புரிகிற மொழியில் மாற்றித் தர வேண்டும்.

இரவு பதினொன்றுக்குப் பிராசஸரிடம் கொடுத்தேன்.
அது மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
ஒவ்வொரு ஃபிரேமையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது.
மீதம்: பத்தொன்பது மணி நேரம்.
விசிறி இரைந்ததில்
மேசைமேல் கண்ணாடி டம்ளர் நடுங்கியது.

மாடியில் வாஜா. இரவெல்லாம் பூதங்களைச் சுடுகிறவன்.
கதவைத் தட்டினேன்.
உன் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தருவாயா, காலைவரை?
கிட்னியைக் கேட்டதுபோல் பார்த்தான்.
பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு
ஸ்க்ரூடிரைவரோடு தானே இறங்கி வந்தான்.
இதற்குள் ஆயிரக்கணக்கான கைகள், என்றான்,
ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் இழுத்துவிடும்.
(அப்படியில்லை என்று பின்னால் படித்தேன்.
அட்டையின் ஓரத்தில் ஒரு சின்னப் பகுதி,
இந்த ஒரு வேலைக்கென்றே பிறந்தது.
ஊர் பாதி தூங்கிக்கொண்டுதான் இருந்தது.)

முப்பத்தெட்டு நிமிடம்.
மோதிரம், கிரீடம், பொதுக் கோப்பை,
ஓத்தியா மாமாவின் பதினேழு வாழ்த்துரைகள்,
எல்லாம் முப்பத்தெட்டே நிமிடம்.
வாஜா என் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினான்,
தானே ஓடி ஜெயித்தவன்போல.

ஓட்டிப் பார்த்தேன்.
வெயிலில் எடுத்ததில் குறையில்லை.
தேவாலயத்துக்குள் போனதும்
மெழுகுவர்த்திப் புகை சதுரம் சதுரமாக நின்றது.
இருட்டை நறுக்கத் தெரியாத அவசரக் கத்தி.
பதறிய காரியம் சிதறும் என்பார்கள்.
சிதறிக் கிடந்தது,
கிரீடம் சூடிய நெற்றிக்கு மேலே.

அந்த ஒன்பது நிமிடத்தை மட்டும் வெட்டி
மறுபடி பிராசஸரிடம் நீட்டினேன்.
கோபித்துக்கொள்ளாமல் வாங்கிக்கொண்டது.
அரை மணியில் புகை புகையானது.
ஒட்டினேன். தையல் தெரியவில்லை.

விமான நிலையத்தில் சித்தி
அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள்.
"இவ்வளவுதானா?"

மறுநாள் மாலை லம்ஸீராவின் குரல்.
கிரீடம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
புகை பற்றியும்.
"தேக்லா, மூன்றாவது மணியில்
ஓத்தியா கோப்பையைத் தூக்கும்போது
அவர் தோளுக்குப் பின்னால் அடுக்களைக் கதவு திறக்கிறது.
அங்கே இருட்டு. என் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள்.
நீலக் கட்டம் போட்டது, நான் தைத்தது, அது தெரிகிறது.
முகமும் கட்டமாகவே இருக்கிறது.
யாரது?
கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான்."

நான் எடுத்த படம்.
நான் பார்த்திராத கதவு.
மூலக் கோப்பைத் திறந்து தேடினேன்.
திறந்து மூடும்வரை பதினோரு நொடி.
ஒருத்தி அவசரமாக ரொட்டி பிட்டு வாயில் போடுகிறாள்,
காலையிலிருந்து சாப்பிடாதவள்போல.
ஏப்ரனுக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்துக்கு,
வெள்ளை லேஸ்.

வாஜாவின் அட்டை இன்னும் என் பெட்டியில்தான் இருந்தது.
இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தான்.
கண் இமைப்பதற்குள் முடித்திருக்கும்.
அதைத் தொடவில்லை.
இருப்பதிலேயே மெதுவானதைத் தேர்ந்தெடுத்தேன்.

விசிறி எழுந்தது.
மீதம்: நான்கு நிமிடம்.
காபி வைக்கப் போனேன்.