ஏழாம் எண்

மூடியைத் திறந்தால் மெஷின் முழுக்க
ரோஸ்மில்க்.

பால் சொசைட்டியில் பதினோரு வருஷம்.
லாக்டோமீட்டர் முங்கி நிற்பதற்குள்
யார் வீட்டுப் பால், எத்தனை சொம்பு தண்ணீர் என்று
சொல்லிவிடுவேன்.
ஒரு பனியனுக்குள் இவ்வளவு சிவப்பு இருந்தது
தெரியாமல் போச்சு.

எருத்தேம்பதி கைப்பந்துக் குழு, எண் ஏழு.
திருப்பூரில் கிலோக்கணக்கில் எடுத்த துணி.
அதன் கைக்குள் கை நுழைத்துக்கொண்டு
வசுமதியின் செட்டுமுண்டு.
நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஓணம்.
டீச்சர்கள் பதினாலு பேருக்கும் ஒரே கரை,
லத்திகா டீச்சர் குத்தாம்புள்ளியில் சொல்லி வைத்து நெய்தது.

பனியனை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.
"இது எப்போ வேர்த்துச்சு?"

முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம்
கோர்ட்டுப் பக்கமே போகவில்லை என்று
ஆறு மாசமாய்ச் சொல்லி வந்தவன் நான்.

அவள் கத்தவில்லை.
"காய விட்டுராதீங்க. காய்ஞ்சா நின்னுக்கும்."
விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.
கத்தியிருக்கலாம்.

எங்கள் கொழிஞ்சாம்பாறை போர் தண்ணீர்
சோப்பைக் கண்டால் திரிந்துபோகும்.
குடிக்க வைத்திருந்த கேனைக் கவிழ்த்தேன்.
முதல் தண்ணீர் மாதுளை.
இரண்டாவது காசித்தும்பை.
மூன்றாவது, பிள்ளைகளுக்குக் கொடுக்கிற இருமல் மருந்து.
நாலாவது தண்ணீர் வெறும் தண்ணீர்.
துணி மட்டும் ரோஸ்.

அயர்ன் கடை அலியாருக்குப் போன் போட்டேன்.
பிளீச்சிங் பவுடரைத் தொடாதே, கசவு கறுத்துப்போகும்.
முறுக்காதே.
நுரைக்கிற பொடி ஒண்ணு இருக்கு, பையன்கிட்டே கொடுத்து விடறேன்,
வெதுவெதுன்னு கரைச்சு
கரையை மேலே தூக்கிக் கட்டிட்டு
உடம்பை மட்டும் முக்கு.
எவ்வளவு நேரம்ணே?
"ராத்திரி உனக்கு வேற சோலி இருக்கா?"

பக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி.
கசவு மேலே, துணி கீழே,
ஈரத் தரையில் நான், நீட்டிய வலது காலுடன்.
மடக்கினால் முட்டி வலிக்கிறது,
அதை இப்போது யாரிடம் சொல்ல?

பத்து மணிக்கு வேலந்தாவளம் பக்கமிருந்து
செண்டுமல்லி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் போயின.
அத்தனை மஞ்சளும் விடிந்தால் பாலக்காட்டு வாசல்களில்.
பதினொன்றுக்குத் தண்ணீர் மாற்றினேன்.

ஒருத்தன் புளுகு உடைந்தால்
சாயம் வெளுத்துப்போச்சு என்கிறோம்.
வெளுத்த சாயம் எங்கே போகிறது என்று
ஒருத்தரும் சொல்வதில்லை.
அது பாட்டுக்குப் பக்கத்தில் கிடந்ததில்
போய் ஏறிக்கொள்கிறது.

ஒரு மணி இருக்கும். எழுந்து வந்தாள்.
லைட்டைப் போட்டாள், குனிந்து பார்த்தாள், அணைத்தாள்.
"டியூப்லைட்ல தெரியல" என்றாள்.
அது மன்னிப்பா, வெறும் ரீடிங்கா?
முக்கிப் பார்க்க என்னிடம் கருவி இல்லை.

விடிகாலைப் பாலுக்குப் போய்த் திரும்புவதற்குள்
கிளம்பிப் போயிருந்தாள்.

பத்தரைக்குக் குரூப்பில் போட்டோ வந்தது.
பூக்களத்தைச் சுற்றிப் பதினாலு பேர்.
பதிமூன்று பேருக்கு இரண்டு கையும் தெரிகிறது.
வசுமதியின் இடதுகை
மேல்முண்டின் மடிப்பைப் பிடித்தபடி,
பிடித்தது தெரியாத மாதிரி.
படத்தைப் பெரிதாக்கினேன்.
விரல் இடுக்கில் ஏதோ இளஞ்சிவப்பு,
துணியா விரலா என்று சொல்ல முடியவில்லை.
சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

குளிக்கப் பின்பக்கம் போனேன்.
துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தனி வாளி,
அடியில் கரையாத கல்லுப்பு,
அதில் என் ஏழாம் எண், ஒற்றையாக.
நான் ஊறப்போடவில்லை.

கையை விட்டுத் தூக்கிப் பார்த்தேன்.
இன்னும் விடுகிறது.