கிராமுக்கு இருநூற்றுப் பதினேழு

துணியைக் கட்டைவிரலில் நெருடினால்
நூற்றி எழுபதா நூற்றி எண்பதா என்று
தராசுக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன்.
பதினோரு வருடமாக இதே சோலி,
திருப்பூர் காங்கயம் ரோட்டில்
ஆவி வாசம் விடாத ஒரு லேப்.
பத்து கிராம் கூடினால் முதலாளி கத்துவார்.
குறைந்தால் டென்மார்க்கிலிருந்து
ஒருத்தி மின்னஞ்சலில் கத்துவாள்,
மிக மரியாதையாக.

அதனால்,
கோயமுத்தூர்க் கடையில் பிரகதீஷ்
கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
"கையில வெச்சுப் பாருங்கக்கா" என்றபோது
தப்பான ஆளிடம்தான் கொடுத்தான்.
இடது கையில் என் பழைய கிராங்க்,
மசகும் பல்லடம் ரோட்டுப் புழுதியுமாய்.
வலது கையில் கார்பன்,
கறுப்பு,
மழையில் நனைந்த பனங்கருக்கு மாதிரி மினுமினுப்பு.
"வித்தியாசம் தெரியுதுங்களா?"
தெரிந்தது.
அதுதான் வினை.

நாற்பத்தாறாயிரம் ரூபாய்.
குறைவது இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
பஸ் டிக்கெட்டின் முதுகில் கணக்குப் போட்டேன்,
கிராமுக்கு இருநூற்றுப் பதினேழு.
என் தீபாவளி போனஸுக்கு நூற்றைம்பது கிராம் வரும்.
மீதி அறுபத்திரண்டு கிராமுக்குக்
கடன் வாங்கவேண்டும்.
பாட்டிலில் பாதித் தண்ணீரைக் கொட்டினால்
இதைவிட அதிகம் குறையும், இலவசமாக.
கிளம்புமுன் கக்கூஸ் போய்வந்தாலும் குறையும்.
ஆனால் அதை யாரும்
கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆழியாறு.
இன்னும் விடியவில்லை.
பிரிண்டிங் யூனிட் தெய்வசிகாமணி
காரின் பின்னாலிருந்து தன் சைக்கிளை
பச்சைக் குழந்தையாட்டம் இறக்கினார்.
சக்கரம் புதுசு, ஹாண்டில் புதுசு, கிராங்க் அதே கிராங்க்.
போல்ட்டுகூட டைட்டானியம்.
ஆள் தொண்ணூற்று நாலு கிலோ.
"காலுல ஏறுன காலம் போச்சுங்க,
இனிக் காசுலதான் ஏறோணும்" என்று
அவரே சொல்லி அவரே சிரித்தார்.

மூன்றாம் கொண்டை ஊசியில் என்னைத் தாண்டினார்.
செயின் சத்தமே இல்லை,
மூச்சுச் சத்தம் மட்டும்
பழைய பஸ் மாதிரி மேலே போனது.
தோற்பார், பேட்டரி தீரும், எதாவது ஒடியும் என்று
மனசுக்குள் நேர்ந்துகொண்டே மிதித்தேன்.
ஒன்றும் ஒடியவில்லை.
ஒன்பதாம் வளைவில் நான் போய்ச் சேர்ந்தபோது
உப்பு மிளகாய் தடவிய மாங்காயில்
மூன்றாவது துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.
கைப்பிடிச் சுவரில் நின்ற வரையாடு
எங்கள் இருவரையும் விட்டுவிட்டு
மாங்காயைப் பார்த்தது.

"கிராங்கா, தொடையா?" என்று கேட்டேன்.
வாயைத் துடைத்துக்கொண்டார்.
"அது தெரிஞ்சா
நான் எதுக்குங்க வாங்கப் போறன்?"

இறங்கும்போது அந்த டென்மார்க்காரி நினைப்பு.
அவளுடைய ஆர்டரில் ஒவ்வொரு பனியனுக்கும்
கடைசியாக ஒரு சிலிக்கான் குளியல் உண்டு.
தொட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும்.
மூன்றாவது துவைப்பில் போய்விடும்.
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
உடம்புக்கு அது எதுவும் செய்வதில்லை,
விரலுக்கு மட்டும்,
அதுவும் கடையில் நிற்கும் அரை நிமிடம்.
அந்த அரை நிமிடத்துக்கு எங்கோ யாரோ
கணக்குப் பார்க்காமல் கொடுக்கிற காசில்தான்
என் வீட்டு வாடகை,
இந்த சைக்கிள்,
இதன் மேல் உட்கார்ந்து நான் பேசுகிற சிக்கனம்.

திங்கள் சாயங்காலம் கடைக்குப் போனேன்.
செயின் ஒன்று, பிரேக் கட்டை ரெண்டு ஜோடி.
பிரகதீஷ் ஒன்றும் கேட்கவில்லை,
பில் புத்தகத்தில் கார்பன் தாளைச் சொருகினான்.
அவன் குனிந்திருந்த நேரம்
ஸ்டாண்டில் மாட்டியிருந்த அதை
சுண்டுவிரலால் ஒருக்கா தட்டிவிட்டேன்.

மூவாயிரத்து நூற்றி எண்பது என்று எழுதி,
கூட்டி, கிழித்து, மீதிச் சில்லறையும் கொடுத்துவிட்டான்.

அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.