நாற்பத்தொன்றாம் திரள்

குரோனிங்கனில் கால்வாய் உறைந்த வாரம்.
நுங்கின் பதத்தில் இறுகிய அகாரில்
புள்ளி புள்ளியாய்த் திரண்ட ரத்தத்தை
ஹில்ட்யே எண்ணுகிறாள்.

ஆண் எலி மஜ்ஜை, பெண் எலி மஜ்ஜை;
கலந்தவள் அவள்தான்.
ஒரு திரளுக்கு ஒரே தாயென்றால்
ஒய் குரோமோசோம் அத்தனையிலும் இருக்கும்,
இல்லையேல் ஒன்றிலும் இராது.

நாற்பது சுத்தம்.
நாற்பத்தொன்றில் இரண்டும்.

"பக்கத்துத் திரள் உரசியிருக்கும், விடு"
என்றார் பேராசிரியர் வான் ஸ்லோக்டெரன்.

விடவில்லை.
முடிமெல்லிய கண்ணாடிக் குழலால்
ஒற்றைச் செல்லை உறிஞ்சி
குழிக்கு ஒன்றாய் இறக்கினாள்,
அறுபது குழி, மூச்சை அடக்கி.

ஞாயிறு. பனியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
மூன்று குழிகளில் மட்டும் கூட்டம்:
சிவப்பும் வெள்ளையும்
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

மற்ற ஐம்பத்தேழு?
செத்தவையா, இன்னும் யோசிப்பவையா?
நோட்டில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில், பென்சிலால்,
கோணலாய் ஒன்று கிழித்தாள்.