நிலம் தோயாக் கால்

பிரிட்ஜ்போர்ட்டில், ரயில் பாலத்தை ஒட்டிய
பழைய தையல் மெஷின் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில்
எனக்கு வேலை
பக்கங்களைக் கண்ணாடிமேல் கவிழ்ப்பது.
மூடினால் ஒரு வெள்ளைக் கோடு நகரும்.
ஒரு நாளைக்கு நாற்பது.

இந்த மாதம் முழுக்க அன்ட்டல் செகெரெஷ்.
அச்சில் டோனி சீகர்.
பெயரில் பாதியைப் பதிப்பாளர் வெட்டினாராம்,
மீதி தானாகவே உதிர்ந்திருக்கும்.

யாரோ சேகரித்து, செத்தபின் ஏலத்துக்கு வந்த பெட்டிகள்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்,
எல்லாவற்றிலும் கேப்டன் சூறை.
கறுப்பை இவன் மிச்சம் பிடித்ததே இல்லை:
தாடைக்குக் கீழே ஒரு குளம் மை,
தண்ணீர்த் தொட்டி, தீயணைப்பு ஏணி, எதிரியின் கோட்டு
பாதி இருட்டில் மூழ்கி நிற்கும்.
முஷ்டி மட்டும் கட்டத்தைத் தாண்டி
என் சட்டைப் பொத்தான் வரை வரும்.
மேலங்கியின் மடிப்புக்கு நான்கே தீற்றல்.
காற்று எந்தத் திசை என்று அதிலேயே தெரியும்.

ஆனால் பாதம் இல்லை.
நானூறாவது பக்கத்தில்தான் கவனித்தேன்.
கணுக்காலுக்கு வந்ததும் புகை, அல்லது இடிந்த சுவர்,
அல்லது கூட்டத்தின் தொப்பிகள்,
ஒரு முறை, வெட்கமே இல்லாமல், ஒரு பெரிய நாய்.

பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள்.
தேவருக்கு உண்டு, நிலத்தில் படாது.
இவன் எந்தக் கணக்கில் வருவான் என்று யோசித்தபடி
அடுத்ததைக் கவிழ்த்தேன்.

பக்கம் அறுநூற்றுப் பதினொன்று.
ஓரத்தில், அச்சில் விழாத நீலப் பென்சிலில், ஆசிரியர்:
டோனி, இவன் எதன்மேல் நிற்கிறான்?
அடியில் பதில்:
பக்கத்துக்கு இருபத்து மூன்று டாலர். அதில் காலணி சேராது.
கால் டாலர் கூட்டினால் ஒரு கால்.

(சிலேடை அவனுடையது அல்ல, தமிழுடையது.
கணக்கு அவனுடையதே.)

கூட்டவில்லை.
காசோலைகளின் பின்புறம் ரப்பர் முத்திரை சொல்கிறது,
வரைந்ததும் இனி வரையப்போவதும் எங்களுடையது.
அதன் கீழே ஒவ்வொரு முறையும்
கையெழுத்து இட்டிருக்கிறான்,
வெட்டாத முழுப் பெயரில்.

பெட்டியின் அடியில் வேறொரு கட்டு.
அறுபத்தொன்பது. சூறையை நிறுத்திவிட்டார்கள்.
மெயின் ஸ்ட்ரீட் கடை ஒன்றின் ஞாயிறு விளம்பரங்கள்:
ஆண்கள் காலணி, பெண்கள் காலணி, மழை பூட்ஸ்,
ஜோடி பதினோரு டாலர் தொண்ணூற்றைந்து.
அதே தூரிகை.
தோல் மடிப்புக்கு நான்கே தீற்றல்.
நாடாவின் நுனி ஒரு பக்கமாய்ப் பறக்கிறது,
கடைக்குள் ஏது காற்று?

இருநூற்று ஆறு ஜோடிகள். உள்ளே ஆள் இல்லை.
ஒன்றில் குதிகால் தேய்ந்திருக்கிறது,
மாடி மாடியாய்க் குதித்து இறங்கியவனுடையதைப் போல.
புதுச் செருப்பில் தேய்மானம் எதற்கு என்று
கடைக்காரர் சிவப்பில் சுழித்திருக்கிறார்.

பட்டியலில் இந்தக் கட்டுக்குப் பெயர் 'இதர'.
ஏலத்துக்குப் போகாது.
பழந்தமிழில் கால் என்றால் காற்றும்தான்.
இந்த மாடியில் யாரிடம் சொல்ல?

ஏழு மணி ரயில் போகிறது. கண்ணாடி நடுங்குகிறது.
அது அடங்கும்வரை பொறுத்து
மழை பூட்ஸைக் கவிழ்க்கிறேன்.